கரண்ட்டுக்காரர்

பேரிகைப் பக்கம் ஒரு சிற்றூரில் முட்டி வலிக்கார அவ்வா ஒருவரைப் பார்க்க முதல் தடவை போனபோது, வாசலில் ராகி காயவைத்துக்கொண்டிருந்த மருமகள் என் தோள்பையைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "கரண்ட்டுக்காரர் வந்திருக்காரு!" அடுத்த நிமிஷம் மகன் வெளியே வந்தார். கையில் ஈ.பி. அட்டை. "போன மாசம்தானே சார் ரீடிங் எடுத்தீங்க?"

நான் மின்வாரியத்துக்காரன் இல்லை, பிசியோதெரபிஸ்ட். பையில் இருந்தது சோப்பு டப்பா அளவில் ஒரு டென்ஸ் பெட்டி, ஒன்பது வோல்ட் பேட்டரி, இரண்டு வயர், நாலு கறுப்பு ரப்பர் பேடு, ஒரு ஜெல் டியூப். தோல் வழியாக நரம்பைத் தூண்டுகிற கருவி என்று விளக்கம் சொல்லலாம். ஓசூரில் இத்தனை வருஷத் தொழிலில் அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. டென்ஸும் கரண்ட்தான், ஐ.எஃப்.டி. என்கிற பெரிய மெஷினும் கரண்ட்தான், அல்ட்ராசவுண்டு வைத்தாலும் சிலருக்கு அதுவும் கரண்ட்தான். "பத்து நாள் கரண்ட் வெச்சேன் சார், கேக்கல" என்பார்கள். "என்ன மெஷின் வெச்சாங்க?" என்று கேட்டால், இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்துவிட்டு, "கரண்ட் மெஷின் சார்" என்பார்கள்.

2007-ல் அரூரிலிருந்து இங்கே வந்தேன். சிப்காட் எழுபதுகளில் வந்தது, எண்பதுகளில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று கம்பெனிகள் வரிசையாக வந்தன. ஐ.டி.ஐ. முடித்த கையோடு அந்தக் காலத்தில் ஓசூருக்கு வேலைக்கு வந்த தலைமுறை, நான் கிளினிக்கில் கால்வைத்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஓய்வு பெற்று, சொந்த வீடு கட்டி, மாடிப்படி ஏற முடியாமல் கீழ் போர்ஷனில் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர பசுமைக் குடில்களில் ரோஜா வெட்டுகிற பெண்கள், கிரானைட் பட்டறைக்காரர்கள், சீசனுக்கு மாங்கூழ் ஆலையில் நிற்கிறவர்கள், ஜூஜூவாடி தாண்டிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள். சமீபத்தில் செல்போன் பாகம், மின்சார ஸ்கூட்டர் என்று புதுக் கம்பெனிகளுக்குப் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறார்கள். இருபது வயசில் முட்டி தேயாது. ஆனாலும் ஷிஃப்ட் முழுக்க நின்றுவிட்டு வந்து குதிகால், முட்டி என்று தடவிக்காட்டுகிறார்கள். நின்றபடியே வேலை செய்கிறவர்களுக்கு இடையில் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ம் பிரிவே சொல்லியிருந்தது. நான் இதைச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

தமிழில் முட்டி வலி, தெலுங்கில் மோகாலு நொப்பி, கன்னடத்தில் மண்டி நோவு. வியாதிக்கு மட்டும் மூன்று பாஷையிலும் ஒரே விளக்கம்: தேய்ந்துவிட்டது. வண்டி டயர் மாதிரி என்று மனசில் பதிந்துவிட்டால் அடுத்த யோசனை, இருக்கிற கொஞ்சத்தைத் தேய்க்காமல் வைத்துக்கொள்ளலாம், நடக்க வேண்டாம் என்பதுதான். அங்கேதான் முட்டி கெடுகிறது. மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற நீரிலிருந்துதான் அதற்குச் சத்து. காலில் பாரம் விழுந்து விழுந்து விலகினால்தான் அந்த நீர் உள்ளே போய் வரும். குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது. வலிப்பது அடியிலிருக்கிற எலும்பும், மூட்டை மூடிய உறையும், அதன் உள்சவ்வும்தான். எக்ஸ்ரேயை வைத்துப் பூஜ்யத்திலிருந்து நாலு வரை கிரேடு போடுகிற முறையைக் கெல்கிரனும் லாரன்ஸும் 1957-ல் கொடுத்தார்கள், இன்றைக்கும் ரிப்போர்ட்டில் அதுதான் வருகிறது. அந்தக் கிரேடுக்கும் வலிக்கும் பல சமயம் சம்பந்தமே இருப்பதில்லை. நாலாம் கிரேடு படத்தை வைத்துக்கொண்டு பிரதோஷம் தவறாமல் சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் படியேறுகிறவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் கிரேடுதான், பாத்ரூமில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று அழுதவரையும் பார்த்திருக்கிறேன்.

இனி கரண்ட் வைக்கிற கதை. வேலை துடைப்பதிலிருந்து ஆரம்பிக்கும். வருகிற முட்டிகளில் பாதி தைலத்தில் ஊறித்தான் வரும். எருக்கிலை, உப்பு ஒத்தடம், பேரன் வாங்கிக்கொடுத்த ஸ்பிரே எல்லாம் ஏற்கெனவே ஒரு சுற்று முடிந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் பேடு வைத்தால் கரண்ட் சீராகப் பரவாது. ஒட்டியிருக்கிற மூலையில் மட்டும் குவிந்து ஊசியாகக் குத்தும். ஈரப் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, சில்லுக்கு மேலே இரண்டு கீழே இரண்டு என்று வைத்து வெல்க்ரோ பெல்ட்டைச் சுற்றுவேன். நம்மூர் முட்டிகளில் பெரும்பாலும் உள்பக்கம்தான் முதலில் போகிறது, கால் வில்லாக வளைகிறது. அப்படியென்றால் உள்பக்க இடுக்கு நடுவில் வரும்படி ஒரு ஜோடியைத் தள்ளி வைப்பேன். பெல்ட்டை இறுக்குவதற்கு முன்னால் நாலு மூலைக்கும் ஜெல் போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது வழக்கம். அந்த வழக்கம் வந்த கதையைப் பிறகு சொல்கிறேன்.

நொடிக்கு 100 துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம். இதை நான் பெட்டியில் வைத்துவிடலாம். எவ்வளவு ஏற்றுவது என்பது மட்டும் எதிரில் இருப்பவர் சொல்ல வேண்டியது. குமிழைத் திருப்பிக்கொண்டே முகத்தைப் பார்ப்பேன். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு புருவம் கொஞ்சம் தூக்கும். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்பார் தமிழ்க்காரர். தெலுங்குக்காரருக்கு அது திம்மிரி, கன்னடக்காரருக்கு ஜும்ஜும். இன்னும் திருப்பினால் "போதும்", "சாலு", "சாக்கு" இந்த மூன்றில் ஒன்று வந்துவிடும். பலமாகத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது, அதுதான் கணக்கு. பயந்தவர்கள் தொட்டதுமே சாலு சொல்வார்கள். அவர்களிடம் மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இரண்டு கோடு ஏற்றிவிடுவேன். சில ஆம்பிளைகள் சொல்லவே மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏத்துங்க சார், நம்ம உடம்பு தாங்கும்" என்பார்கள். ஐந்து நிமிஷம் போனதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சார், கரண்ட் போயிடுச்சு." போயிருக்காது, நரம்பு பழகியிருக்கும். இன்னொரு கோடு ஏற்ற வேண்டும். 2012-ல் மட்டும் இதில் குழப்பம் வந்தது. மாநிலம் முழுக்க மின்வெட்டு, நிஜமாகவே கரண்ட் போய்விடும். பெரிய ஐ.எஃப்.டி. மெஷின் படுத்துக்கொள்ள, பேட்டரி டென்ஸ் பெட்டிதான் அந்த வருஷம் கிளினிக்கை ஓட்டியது.

இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு கதை வைத்திருக்கிறேன். கட்டில் காலில் முட்டியை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது, தேய்த்தால் வலி கொஞ்சம் அடங்குகிறது. ஏன் என்பதற்கு 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு விளக்கம் எழுதினார்கள். தொடு உணர்ச்சி ஏறிப்போகிற நரம்பிழை தடிமன், வேகமும் அதிகம். வலி ஏறிப்போகிற இழை மெலிசு. இரண்டும் தண்டுவடத்தில் ஒரு வாசலைக் கடந்துதான் மூளைக்குப் போக வேண்டும். தடித்த இழையில் சேதி நெரிசலாக வந்தால் வலிக்கு வாசல் ஒடுங்கிவிடும். ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக் கம்பெனி கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நாற்பது பஸ் வரிசையாக உள்ளே போகும்போது சைக்கிளில் வந்தவன் ஓரமாக நிற்கிறான். ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று அர்த்தமில்லை. பஸ் எல்லாம் போனதும் வருவான்.

இரண்டு வருஷம் கழித்து, 1967-ல், வாலும் வில்லியம் ஸ்வீட்டும் நரம்பை மின்துடிப்பால் தூண்டி நாள்பட்ட வலியைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிகமாக' என்ற சொல் இருக்கிறது. மெஷின் விற்கிறவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. துடிப்பை நொடிக்கு இரண்டு, நாலு என்று குறைத்துத் தசை துள்ளும்படி வைப்பது வேறு வழி. உடம்பே சுரக்கிற அபின் போன்ற பொருள்கள் அதில் வேலை செய்கின்றன. யோசனை மட்டும் ரொம்பப் பழசு. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய வைத்தியர், கால் வீக்க வாதக்காரரைக் கடற்கரை ஈரத்தில், உயிருள்ள மின்திருக்கை மீனின்மேல் நிற்கச் சொல்கிறார். எதுவரைக்கும்? மரமரப்பு முட்டி வரை ஏறுகிறவரைக்கும். அந்த மீனுக்குக் குமிழ் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓசூரில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் நாலு கட்டில், நாலு மெஷின். பத்து சிட்டிங் ஒரு பேக்கேஜ். பதினைந்து நிமிஷம் கரண்ட், மணி அடித்ததும் அடுத்த ஆள். நான் எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் ஓனர் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். "தம்பி, கரண்ட்டுக்குப் பில் போடலாம். காலைத் தூக்கு, காலை இறக்குன்னு சொல்றதுக்குப் பில் போட்டா எவன் குடுப்பான்?" அதில் உண்மை இல்லாமலில்லை. வலியோடு வருகிறவருக்கு எதையாவது செய்தது தெரிய வேண்டும். கரண்ட் தெரிகிறது, ஜிவ்வென்று இறங்குகிறது. தினம் முப்பது தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார் என்பதை யாரும் வைத்தியமாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் அங்கே மூன்று வருஷம் இருந்து சம்பளம் வாங்கினேன்.

இப்போது ஜெல் கதை. ஓய்வு பெற்ற சூப்பர்வைசர் ஒருவர், சர்க்கரை வந்து இருபது வருஷம் ஆனவர். குமிழைத் திருப்பத் திருப்ப, "இன்னும் தெரியல சார்" என்றார். நானும் ஏற்றினேன். அவருக்கு ஏன் தெரியவில்லை என்று அந்த நேரத்தில் யோசித்திருக்க வேண்டும். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள், யோசிக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றியபோது ஒரு பேடின் மூலையில் ஜெல் காய்ந்திருந்தது, அதன் கீழே நகக்கண் அளவு சிவப்பு. மறுநாள் கொப்புளம். சர்க்கரைக்காரர் புண் எப்படி ஆறும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாசம் ஆனது. அவர் என்னைத் திட்டவில்லை. மூன்றாம் வாரம் டிரெஸ்ஸிங்குக்கு வந்தபோது, "நான்தானே சார் ஏத்தச் சொன்னேன்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். இப்போது சர்க்கரை என்று சொன்னாலே பஞ்சு, குண்டூசி, ஜில்லென்ற தண்ணீர்க் குழாய், சுடு தண்ணீர்க் குழாய் நாலையும் எடுத்து, கண்ணை மூடச் சொல்லிச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. உணர்ச்சி இல்லாத தோலில் கரண்ட் வைப்பதில்லை. நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் பெட்டியைத் திறப்பதே இல்லை.

இன்னொரு சம்பவம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு மெஷினில் வயர் உள்ளே அறுந்திருந்தது. வெளியே ரப்பர் நன்றாக இருந்தது, லைட் மினுக்கியது, டைமர் ஓடியது. நாலைந்து நாள் அதே மெஷின். புதுசாக வந்த ஒரு லாரிக்காரர், கரண்ட் எப்படி இருக்கும் என்றே தெரியாதவர், அதைக் கட்டிக்கொண்டு இருபது நிமிஷம் படுத்திருந்தார். எழுந்து நாலடி நடந்து பார்த்து, "நல்லா இறங்குச்சு சார்" என்றார். படியும் இறங்கிப் போனார். சாயங்காலம் என் கையில் பேடை ஒட்டிப் பார்த்தபோதுதான் அதில் ஒன்றுமே வரவில்லை என்று தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை, வலி குறைந்துதான் இருந்தது. படுத்து ஓய்வெடுத்தார், ஒருவன் முட்டியைத் தொட்டுத் துடைத்தான், இனி சரியாகும் என்று நம்பினார்.

ஆராய்ச்சிக்காரர்கள் வேண்டுமென்றே இப்படி அறுந்த வயரை வைத்துத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். முட்டித் தேய்மானத்துக்கு டென்ஸ் கேட்குமா என்று 2009-ல் காக்ரேன் குழு 18 சோதனைகளை, மொத்தம் 813 பேரை, ஒன்றாக வைத்து அலசியது. சோதனைகள் சிறிசு, தரமும் போதாது, பலன் இருக்கிறதென்று உறுதி சொல்ல முடியாது என்று முடித்தது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டி, முட்டிக்கு டென்ஸ் வேண்டாம் என்றே அழுத்திச் சொன்னது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு முன்பு துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2022-ல் டென்ஸ், ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்டு எல்லாவற்றையும் விலக்கிவிட்டது. அதே 2022-ல் எல்லா வகை வலிக்கும் சேர்த்து 381 சோதனைகளை அலசிய இன்னொரு கட்டுரை வந்தது. கரண்ட் ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைவதாக அது சொல்லிற்று. சண்டை போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. கட்டிலில் நான் பார்த்தது இரண்டையும்தான்: ஓடுகிறவரைக்கும் குறைகிறது, மூன்று மாசம் கழித்து ஒரு வித்தியாசமும் இல்லை. பஸ் போனதும் சைக்கிள்காரன் உள்ளே வந்துவிடுகிறான்.

2019 வழிகாட்டியைப் படித்த வாரம் மெஷின்களை மூட்டைகட்டி விற்றுவிடலாம் என்று தோன்றியது. விற்கவில்லை, கடன் பாக்கி இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்கிறேன். அதே வழிகாட்டிகள் ஒரே குரலில் சொல்வது உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் நாலு கிலோ பாரம் குறைகிறது. ஆனால் காலை ஊன்றினாலே வலிக்கிறவரிடம் போய்த் தொடைத் தசையைப் பலப்படுத்து என்றால் எப்படிச் செய்வார்? அதனால் கட்டிலை விட்டேன். இப்போது கரண்ட்டைக் கட்டிவிட்டு யாரையும் படுக்க விடுவதில்லை. பேடு ஒட்டியிருக்கும்போதே முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொல்வேன், ஐந்து எண்ணுகிறவரைக்கும். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். பிறகு ஒற்றைப் படி, ஏறு, இறங்கு. வலி ஓரமாக நிற்கிற அந்த இருபது நிமிஷத்தில், நடந்தால் முட்டி உடைந்துவிடாது என்பதை அந்தக் கால் தெரிந்துகொள்கிறது. இந்தத் தனி முறைக்கு ஆதாரக் கட்டுரை எதையும் நான் காட்டப்போவதில்லை. பயிற்சியோடு டென்ஸ் சேர்த்தாலும் கூடுதல் பலன் இல்லை என்று 2014-ல் பிரிட்டிஷ் சோதனை ஒன்றே வந்திருக்கிறது. ஆனால் சும்மா கூப்பிட்டால் வராதவர்கள் கரண்ட் என்றால் வருகிறார்கள். வந்தபிறகு நாற்காலியைக் காட்டுகிறேன். ஏமாற்று வேலையா என்று கேட்டால், கொஞ்சம் அப்படித்தான்.

எல்லா முட்டி வலியும் தேய்மானம் இல்லை என்பதையும் இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு தலைமுறை அதற்கு மேல் குடித்த ஊர்கள் உண்டு. காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒருவர் இரண்டு முட்டியும் மடங்கவில்லை என்று வந்தார். வேறு இடத்தில் நாற்பது சிட்டிங் கரண்ட் ஆகியிருந்தது. கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். சிரித்தபோது பல்லில் பழுப்புக் கோடு. "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்றேன். "சின்னப் பிள்ளையிலேருந்து எங்க போர் தண்ணிதான் சார், நல்லா கல்கண்டு மாதிரி இருக்கும்" என்றார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது இந்த வியாதிக்காகத்தான். குழாய் அவர் தெருவுக்கும் வந்திருந்தது, அது துணி துவைக்க. எலும்பில் ஏறியதைக் கரண்ட் இறக்காது. டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, துவைக்கிற தண்ணியைக் குடிக்கவும் குடிக்கிற தண்ணியைத் துவைக்கவும் மாற்றச் சொல்லி அனுப்பினேன். ஃபீஸ் வாங்கவில்லை என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவ்வாவுக்கு வருகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு, நடக்க முடியாதவர்களுக்குப் பிசியோதெரபியும் வீட்டிலேயே. என் ஜூனியர் பெண் ஒருத்தி அதில் சேர்ந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் போன் செய்தாள். "அண்ணா, ஒரு அவ்வா கரண்ட் வெச்சாத்தான் காலைத் தூக்குவேன்னு உக்காந்துட்டாங்க. மூணு வாரமா ஒரு எக்சர்சைஸ் நடக்கல. உங்க பெட்டியைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்கண்ணா." அப்படிப் போன அன்றைக்குத்தான் ஈ.பி. அட்டை வெளியே வந்தது.

அவ்வாவுக்கு எழுபதுக்கு மேல். வலது கால் வில். தைலத்தைத் துடைத்தேன், சோதித்தேன், பேடு வைத்தேன். "திம்மிரி" என்றார், கொஞ்சம் கழித்து "சாலு". பெட்டியை அவர் இடுப்புக் கொசுவத்தில் செருகிவிட்டு, எழுந்திருங்கள் என்றேன். கரண்ட்டோடு எழுந்திருப்பதா என்று மருமகள் பதறினார். ஜூனியர் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒகட்டி, ரெண்டு" என்று எண்ணினாள். எட்டு தடவை எழுந்து உட்கார்ந்தார். பிறகு வயர் முந்தானைக்குள் தொங்க, திண்ணையிலிருந்து ஆட்டுக் கொட்டகை வரைக்கும் நடந்து, தட்டியைத் திறந்து ஆட்டை ஒரு அதட்டு அதட்டிவிட்டுத் திரும்பினார். பெட்டியை ஒரு மாசத்துக்கு அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த மாசம் ஜூனியர் போன் செய்து சிரித்தாள். "அண்ணா, வயரை ஆடு கடிச்சுத் துண்டாக்கிடுச்சு. பத்து நாளாச்சாம். அவ்வா அப்பவும் பெட்டியை இடுப்புல செருகிக்கிட்டுத்தான் நடக்குறாங்க. தெருமுனைக் கோயில் வரைக்கும் போறாங்க. மருமகளுக்குத் தெரியும், சொல்லலையாம். நாம சொல்லணுமாண்ணா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போனபோது ஒரு ஜோடி வயர் வாங்கி, திங்கள்கிழமை பேரிகை பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.